பாஸ்புக் பார்க்கிற கண்ணோடு படியுங்கள்: கொடுங்கோல் நாட்டுக் கதைகளில் பெண்கள்

முப்பத்துமூன்று வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து தேய்ந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் ஏழு பேர் கூடி நாவல் படிக்கிறோம். தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயரான நர்ஸம்மா, பி.எட். படிக்கிற ஒரு பெண், என் நாத்தனார், இப்படி. இரண்டு வருஷமாக டிஸ்டோபியா என்கிற வகையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். ஒரு நாடு மொத்தமும் ஜெயிலாகிப் போன கதைகள். அந்த ஜெயிலில் பெண்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நீங்களும் நாலு பேராகச் சேர்ந்து படிக்க நினைத்தால், எங்களுக்குக் கைகொடுத்த வழியையும் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்கிறேன்.

முதலில் விழுந்த இடம். 'ஸ்வஸ்திகா நைட்' என்ற நாவலில் தொடங்கிவிட்டேன். காதரின் பர்டெகின் எழுதி, மர்ரே கான்ஸ்டன்டைன் என்ற ஆண் பெயரில் 1937இல் வெளியிட்டது. ஹிட்லர் கட்சி எழுநூறு வருஷம் ஆண்டால் உலகம் எப்படி இருக்கும் என்று யுத்தத்துக்கு முன்பே கணக்குப் போட்ட புத்தகம். பெண்களை மொட்டையடித்துக் கூண்டு மாதிரி இடத்தில் அடைத்திருப்பார்கள். ஆண் குழந்தை என்றால் ஒன்றரை வயதில் தாயிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அருமையான புத்தகம், ஆனால் ஆரம்பத்துக்கு ஆகாது. இரண்டு பேர் அடுத்த வாரம் வரவே இல்லை. "பயத்தில் படிச்சா மூளை வேலை செய்யாதுங்க" என்று தையல் அக்கா சொன்னது சரிதான். கூண்டைக் காட்டினால் 'ஐயோ பாவம்' என்பதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் போகிறது.

அதனால் மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் தொடங்குங்கள். அவர் கனடாக்காரர். 1984இல் மேற்கு பெர்லினில் இருந்தபோது எழுத ஆரம்பித்தார், 1985இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒரு மதவாதக் கூட்டம் ஆட்சியைப் பிடித்து கிலியட் என்று நாட்டுக்குப் பெயர் வைக்கிறது. பிள்ளைப்பேறு அருகிப்போன காலம். பிள்ளை பெறக்கூடிய பெண்களைப் பிடித்து, சிவப்பு அங்கி மாட்டி, ஹேண்ட்மெய்ட் என்ற பேரில் தளபதிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர அனுப்புகிறார்கள். கதை சொல்கிறவள் அப்படி ஒருத்தி.

எங்களில் மூன்று பேருக்கு ஆங்கிலம் ஓடாது. நான் வாரம் மூன்று நாலு அத்தியாயம் படித்து வந்து தமிழில் சொல்வேன், முக்கியமான பக்கம் வந்தால் வரிவரியாக. டிவி தொடரை முதலில் பார்த்துவிட்டு வராதீர்கள். தொடரில் அந்தப் பெண்ணுக்கு ஜூன் என்று பேர் இருக்கிறது. புத்தகத்தில் அவள் சொந்தப் பேர் கடைசி வரை நமக்குத் தெரியாது. அது தெரியாமலே படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது படிக்கிற முறை. இந்த மாதிரிக் கதை கையில் கிடைத்ததும் எல்லாரும் தேடுவது சாட்டை, தூக்குமரம், துப்பாக்கி. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு நான் தேடுவது கவுண்டரை. எந்த ஜன்னலில் நின்று எதைக் காட்டினால் இவளுக்கு எது கிடைக்கும்? காசு யார் பேரில் இருக்கிறது? கையெழுத்து யாருடையது? கொடுங்கோல் ஆட்சி ஒரு பெண்ணின் வீட்டுக்குள் வருவது இந்த ஜன்னல் வழியாகத்தான்.

'ஹேண்ட்மெய்ட்ஸ் டே'லில் அந்த இடம் சிகரெட் கடை. ஒருநாள் காலையில் சிகரெட் வாங்கப் போகிறாள். வழக்கமாக இருக்கும் பெண் இல்லை, ஒரு பையன் நிற்கிறான். அவள் எண்ணை அடிக்கிறான், செல்லாது என்று வருகிறது. திரும்ப அடிக்கிறான். திரும்பவும் செல்லாது. ஆயிரக்கணக்கில் பணம் இருக்கிறதே, இரண்டு நாள் முன்னால்தான் ஸ்டேட்மென்ட் வந்தது என்கிறாள். அன்றைக்கே அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் அதிகாரி வந்து எல்லாப் பெண்களையும் வீட்டுக்குப் போகச் சொல்கிறார், சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று. தோழி மொய்ரா வந்துதான் விஷயத்தை உடைக்கிறாள்: கணக்கில் ஆண் என்பதற்கு ஓர் எழுத்து, பெண் என்பதற்கு ஓர் எழுத்து. பெண் எழுத்து இருக்கிற கணக்கையெல்லாம் பொத்தானைத் தட்டி முடக்கிவிட்டார்கள். பணம் எங்கும் போகவில்லை, புருஷன் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அத்தியாயத்தை நான் கதையாகவே படிக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்த புதிதில் எங்கள் கிளையில் கணக்குகளை லெட்ஜரிலிருந்து ஏற்றினோம். ஒவ்வொரு கணக்குக்கும் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் இருந்தது. ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அது எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

இதைச் சொன்னால் 'அதெல்லாம் கற்பனைங்க' என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஒரு பதில் கையில் வைத்திருங்கள். பிரான்சில் கல்யாணமான பெண் புருஷனுடைய சம்மதம் இல்லாமல் தன் பேரில் வங்கிக் கணக்கு திறக்கச் சட்டம் இடம் கொடுத்தது 1965இல். அமெரிக்காவில் பெண் என்பதற்காகவோ கல்யாணமானவள் என்பதற்காகவோ கடன் மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1974இல். அட்வுட் நாவலை எழுத உட்காரும்போது அந்தச் சட்டத்துக்கு வயது பத்து. சிகரெட் கடைப் பையன் அவளைத் தள்ளியது எங்கோ வரப்போகிற காலத்துக்கு அல்ல. அவள் அம்மா நின்றிருந்த அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

அன்றிரவு வீட்டில் நடப்பதை இன்னும் மெதுவாகப் படியுங்கள். புருஷன் லூக் நல்லவன். கட்டிப்பிடித்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். எங்கள் கூட்டத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. என் நாத்தனாருக்கு அவன் பேரில் குறையே தெரியவில்லை; பி.எட். பெண்ணுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. கதை சொல்கிறவள் பிற்பாடு யோசிக்கிறாள்: இதில் அவனுக்கு அப்படியொன்றும் வருத்தம் இல்லையோ, உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துக்கூட இருக்கிறதோ? அவனிடம் கேட்கப் பயந்து கேட்காமலே விடுகிறாள். நீங்கள் இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அடுத்து பெயர்கள். கதை சொல்கிறவளை ஆஃப்ரெட் என்கிறார்கள். ஃப்ரெட் என்கிற தளபதியின் உடைமை என்று பொருள். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். நமக்கு இரண்டெழுத்துப் போதும்: க/பெ. ரேஷன் கார்டிலும் பத்திரத்திலும் பாஸ்புக்கிலும் லட்சம் தரம் பார்த்த அதே க/பெ. பெயர் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, கணவர் பெயர் என்ற கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஆஃப்ரெட். இங்கே அது கணவரும் இல்லை, அது வேறு. அவளோடு தினம் கடைக்குப் போகும் துணை ஆஃப்க்ளென். ஒருநாள் அந்த இடத்தில் வேறொரு பெண் நிற்கிறாள். ஆஃப்க்ளென் எங்கே என்று கேட்டால், நான்தான் ஆஃப்க்ளென் என்கிறாள். நான் இதைச் சொன்னதும் மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெயர் நாற்காலிக்கு, ஆளுக்கு இல்லை.

மொழிபெயர்த்துச் சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஹேண்ட்மெய்ட்' என்பதற்குத் தமிழ் தேடி நான் பட்டபாடு கொஞ்சமில்லை. பிள்ளைக்காக இந்தப் பெண்களைத் தளபதியோடு படுக்கவைக்கிற சடங்குக்கு கிலியட் ஆதாரமாகக் காட்டுவது ஆதியாகமம் 30ஆம் அதிகாரம். பிள்ளை இல்லாத ராகேல் தன் பணிப்பெண் பில்காளைப் புருஷன் யாக்கோபிடம் அனுப்புகிற கதை. தமிழ் வேதாகமத்தில் பில்காளை 'வேலைக்காரி' என்று போட்டிருக்கிறது. நம் காதில் அது பாத்திரம் தேய்க்க வருகிறவர். 'சேடி' என்றால் ராஜா ராணி நாடகம். கடைசியில் 'சிவப்பு அங்கிக்காரி' என்று வைத்துக்கொண்டோம். வேலை ஓடியது.

'ஆன்ட் லிடியா' இன்னும் சிக்கல். சிவப்பு அங்கிக்காரிகளைப் பழக்கி எடுக்கும் மூத்த பெண்களுக்கு ஆன்ட் என்று பட்டம். நமக்குப் பொதுவாக ஓர் ஆன்ட் கிடையாதே. அத்தையா, சித்தியா, மாமியா? நாத்தனார் 'அத்தை' கூடவே கூடாது என்று மறுத்துவிட்டார், அவரே நாலு பிள்ளைகளுக்கு அத்தை. பெரியம்மா என்று முடிவானது. கையில் மாட்டை அடிக்கிற மின்சாரக் கோலோடு லிடியா பெரியம்மா. பாசமான உறவுப் பேரை வைத்தால்தான் அடி வாங்குகிறவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும் என்பது எங்களுக்கு இந்தச் சண்டையில்தான் உறைத்தது. அதனால் உறவுப் பேர்களை மொழிபெயர்க்காமல் தாண்டாதீர்கள். சண்டை போட்டாவது ஒன்றை வையுங்கள்.

இந்தப் பெரியம்மாக்களைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். கிலியடில் பெண்கள் எழுதப் படிக்கக் கூடாது. கடைப் பலகையில்கூட எழுத்தை அழித்துவிட்டுப் படம் மட்டும் வைத்திருக்கிறார்கள். முட்டைக்கு முட்டைப் படம் போட்ட டோக்கன். ஆனால் பெரியம்மாக்களுக்கு மட்டும் எழுதப் படிக்க அனுமதி உண்டு. பெண்களை அடக்கப் பெண்களையே வைப்பதுதான் செலவு குறைவு என்று நாவலின் முடிவில் ஒரு பேராசிரியர் கணக்குச் சொல்வார். படிக்கும்போது இவர்களைப் பிசாசாக ஆக்கிவிட்டால் சுலபம், ஆனால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொருத்தியாகக் கேளுங்கள்: இவளுக்கு என்ன கிடைத்தது? எந்தச் சாவி இவள் இடுப்பில் இருக்கிறது?

நான் என் கதையைச் சொன்னது இந்தக் கட்டத்தில்தான். தொண்ணூறுகளில் ஒருநாள், நாற்பது வயதுப் பெண் ஒருவர் ஃபிக்சட் டெபாசிட்டை முன்கூட்டியே முறிக்க வந்தார். டெபாசிட் அவர் ஒருத்தர் பேரில். கையெழுத்துப் பொருந்துகிறது. ஐந்து நிமிஷ வேலை. அவர் புருஷன் கடைக் கணக்குக்காக எங்கள் கிளைக்குத் தினம் வருகிறவர். "சார் ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கட்டுமே, நாளைக்கு வாங்களேன்" என்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி எந்த ரூலும் இல்லை, எந்த மேனேஜரும் இல்லை. அவர் ரசீதை நாலாக மடித்து மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் புருஷன் வந்தபோது நானே சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வந்தது. சாப்பிட்டோம். அந்த அம்மா அப்புறம் கவுண்டருக்கு வரவே இல்லை. எதற்காகப் பணம் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் கூட்டத்திலும் யாரிடமாவது இப்படி ஒரு மைசூர்பாகு இருக்கும். வற்புறுத்தாதீர்கள். நடத்துகிறவர் தன்னுடையதை முதலில் எடுத்து வைத்தால் போதும்.

மறைவாக நடக்கிற சின்னக் காரியங்களுக்கென்று ஒரு கண்ணைத் தனியாக வைத்திருங்கள். சிவப்பு அங்கிக்காரிகளுக்குக் கையில் தடவ எண்ணெய், க்ரீம் எதுவும் கிடையாது. ஆஃப்ரெட் சாப்பாட்டுத் தட்டில் வரும் வெண்ணெயில் ஒரு துண்டை நாப்கின் ஓரத்தில் சுற்றி, அலமாரியில் இருக்கும் இன்னொரு ஜோடி செருப்பின் முனைக்குள் செருகி வைக்கிறாள். ராத்திரி முகத்திலும் கையிலும் பூசிக்கொள்கிறாள். வெண்ணெய் கெட்டு வாடை அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் யாராவது நம்மை ஆசையாகத் தொடுவார்கள், வெளியே போவோம் என்று நினைக்கிறவள்தானே தோலைப் பாதுகாப்பாள்? எங்கள் நர்ஸம்மா இந்த இடத்தில் ஒன்று சொன்னார்: நெடுநாள் படுக்கையில் கிடந்த நோயாளிப் பெண் ஒருத்தி பவுடர் கேட்டால், அன்றைக்கு கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே தெரிந்துவிடும், இவள் தேறிவிடுவாள் என்று.

இனி நோட்டுப் புத்தகம். நாற்பது பக்க நோட்டு போதும், நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நாவலில் வருவது, வலப்பக்கம் நிஜத்தில் எங்கே எப்போது நடந்தது. அட்வுட் தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்: மனிதர்கள் ஏற்கெனவே எங்காவது செய்யாத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை என்று. ஆகவே வலப்பக்கம் காலியாக இருந்தால் நாம் தேடவில்லை என்றுதான் பொருள்.

எங்கள் நோட்டில் அதிகம் நிறைந்தது ருமேனியா. அந்த நாட்டை ஆண்ட சௌஷெஸ்கு 1966இல் 770ஆம் எண் ஆணையைப் போட்டுக் கருக்கலைப்பைத் தடுத்தார். நாலு பிள்ளை பெற்றிருந்தால் விலக்கு. கருத்தடைச் சாதனம் கடையில் கிடைக்காமல் போனது. 1966இல் பிறந்த குழந்தைகள் சுமார் 2,74,000, அடுத்த வருஷம் சுமார் 5,28,000. ஒரே வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு. 25 வயதைத் தாண்டியும் பிள்ளை இல்லாதவர்களுக்கு வரி. எண்பதுகளில் வேலை செய்யும் இடத்துக்கே வந்து பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. கள்ளத்தனமாகக் கலைக்கப்போய் 9,000க்கும் மேற்பட்ட பெண்கள் செத்ததாகக் கணக்கு. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதலில் கிழித்துப் போட்ட சட்டங்களில் இது ஒன்று. நர்ஸம்மா அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "செத்தவங்களை நீ எண்ணிட்ட. பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமலே புண்ணோட பொழச்சவங்களை எந்தக் காலத்தில எழுதப்போற?" என்றார். வலப்பக்கத்தில் அதற்கு ஒரு வரி காலி விட்டிருக்கிறோம்.

பிடுங்கப்பட்ட பிள்ளைகளுக்கு நேரே அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி, 1976 முதல் 1983 வரை. சிறையில் பிரசவித்த தாய்மார்களின் குழந்தைகளை ராணுவக் குடும்பங்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். பாட்டிமார்கள் 1977இல் சங்கம் அமைத்துத் தேடத் தொடங்கினார்கள், சுமார் 500 பேரை. படிப்புத் தடைக்கு நேரே எழுதப் பழைய சரித்திரமே வேண்டியதில்லை: ஆப்கானிஸ்தானில் பெண்களுக்கு 2021 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி போனது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகம் போனது.

ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். 'நம்ம ஊர்லயும் இப்படித்தாங்க' என்கிற பேச்சைக் கடைசி இருபது நிமிஷத்துக்குத் தள்ளுங்கள். அது பொய் என்பதால் இல்லை. அதை ஆரம்பித்தால் மாமியார் கதைக்குப் போய்விடுவோம், புத்தகம் திறந்தபடியே காற்றில் படபடத்துக்கொண்டு கிடக்கும்.

மற்ற நாவல்களுக்கும் இதே முறைதான். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'இல் ஜூலியாவை கதாநாயகன் வின்ஸ்டனின் வெறும் காதலி என்று தள்ளிவிடாதீர்கள். அவள் கையில் ஸ்பேனர் இருக்கிறது, நாவல் உற்பத்தி செய்யும் இயந்திரத்தை ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். இடுப்பில் கற்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டை, பைக்குள் மேலிடத்திலிருந்து தேற்றிய அசல் சர்க்கரை, காபி, ஜாம். வின்ஸ்டன் தடைசெய்யப்பட்ட புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது தூங்கிப் போகிறாள். ஆர்வெல் இதை அவளுடைய குறையாக எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது. தையல் அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை: "எட்டு மணி நேரம் மெஷின்ல நின்னவ தூங்காம என்ன செய்வா?" ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் 'நாம்' நாவலில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்க பிங்க் கூப்பன் கிழித்துக் கொடுத்தால்தான் திரை இழுத்து மூடிய அறை கிடைக்கும். ஓ-90 என்ற பெண் தாய்மைக்கான உயர அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவு, அதனால் பிள்ளை பெறக்கூடாது. எல்லாம் கவுண்டர்தான்.

இதெல்லாம் ஆன பிறகு 'ஸ்வஸ்திகா நைட்'டுக்குத் திரும்பினோம். இந்த முறை யாரும் ஓடவில்லை. அதில் ஒரு பழைய போட்டோ வருகிறது. ஹிட்லர் பக்கத்தில் நீண்ட முடியும் நிமிர்ந்த பார்வையுமாக ஓர் அழகான முகம். பார்க்கிறவன் அதைப் பையன் என்றே நினைக்கிறான். பெண்ணென்றால் மொட்டைத் தலை, குனிந்த முதுகு என்று மட்டுமே தெரிந்த கண்ணுக்கு, அது பெண் என்று சொன்னாலும் ஏறவில்லை. முதல் தடவை நாங்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டி ஓடியிருந்தோம்.

நடுவில் மூச்சுவிட ஒரு சின்னப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு'. ஆண்கள் முக்காட்டு அறைக்குள் அடங்கியிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைத்து, நாட்டையும் நடத்துகிறார்கள். வங்காளத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதி, 1905இல் மெட்ராஸில் கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வந்தது. நம் மெட்ராஸ் அச்சகத்தில் கோத்த எழுத்து என்று சொன்னதும் நாத்தனார் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

கடைசி நாளுக்கு 'ஹேண்ட்மெய்ட்ஸ் டே'லின் பின்னிணைப்பை மிச்சம் வையுங்கள். பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். 2195ஆம் வருஷம், ஒரு கருத்தரங்கு. ஆஃப்ரெட்டின் கதை மொத்தமும் கேசட்டுகளில் பதிந்து கிடைத்தது என்று அங்கேதான் தெரிகிறது. கிலியட் அழிந்து வெகுகாலம். பீக்ஸோட்டோ என்ற பேராசிரியர் பேசுகிறார், பெண்களைக் கிண்டலடித்து ஜோக் அடிக்கிறார், சபை சிரிக்கிறது. அவர் தேடித் தேடி ஆராய்வது தளபதி யார் என்பதைத்தான். அவள் பேர் கிடைக்கவில்லை என்பதைவிட, அந்தத் தளபதியின் கம்ப்யூட்டரிலிருந்து இருபது பக்கம் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் அவருக்கு ஏக்கம்.

அதை ஒருவர் நின்றுகொண்டு, பட்டமளிப்பு விழாக் குரலில் வாசிக்க வேண்டும். எங்களுக்கு பி.எட். பெண் வாசித்தாள், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு. ஏதாவது கேள்விகள் உண்டா என்று பேராசிரியர் கேட்பதோடு நாவல் முடிகிறது. அங்கே நிறுத்திவிட்டு நடத்துகிறவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும். எங்கள் மாடியில் ரொம்ப நேரம் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் தையல் அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"அந்த கேசட்டெல்லாம் இப்ப யார் பேர்ல இருக்கு?"